பொட்டு எங்கே போனது? பிள்ளைகளின் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

அக்கா கேட்டது மூன்றே மூன்று படம். மருமகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, இறங்கி வரும் வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் மான்களோடு ஒன்று எடுத்தேன். அப்புறம் டச்பே கடற்கரையில் இரண்டு. "மூண்டையும் கறுப்பு வெள்ளையில போட்டுத் தா தம்பி, ஹோல் சுவரில மாட்டுவம்" என்றாள். சின்ன வேலைதானே என்று போனிலேயே முடித்து, அன்றிரவே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கடல் கறுத்து, முகம் பளிச்சென்று, எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

காலையில் அக்காவின் குரல்: "படம் வடிவாத்தான் இருக்கு. பிள்ளையிட பொட்டு எங்க?"

திரும்ப எடுத்துப் பார்த்தேன். திருநீறு இருந்தது. அதற்குக் கீழே ஐயர் தந்த குங்குமத்தை அக்கா நல்ல பெரிய வட்டமாக வைத்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் வெறும் நெற்றி. நான் எதையும் அழிக்கவில்லை. போட்டது ஒரு சிவப்பு பில்டர் மட்டும்.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அதே படங்களை வைத்துக்கொண்டு, கைக்கெட்டிய வழிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். பிள்ளைகளின் முகப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க நினைக்கிறவர்கள் எந்த வழியை எடுக்கலாம் என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

அதற்கு முன்னால், தேவைதானா?

படத்தைப் போனில் பார்த்த அக்காவின் மாமி கேட்டது வேறு கேள்வி. "உயிரோட இருக்கிற பிள்ளையை ஏன் கறுப்பு வெள்ளையில மாட்டுறீங்கள்?"

சிரித்துக் கடந்துபோகிற கேள்வி இல்லை அது. எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பெரும்பாலும் அதில் மாலை இருக்கும். பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கமும் நெடுங்காலம் அந்த நிறம்தான். இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடலிலும் அல்பங்களைப் பறிகொடுத்த வீடுகளில், அடையாள அட்டைக்கு எடுத்த ஒற்றைப் படம்தான் மிச்சம். மாமிக்கு அந்த நிறம் யாரை எல்லாம் ஞாபகப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே வாதாடவில்லை.

ஆனால் கவனித்தால், அவரை உறுத்தியது நிறம் மட்டும் இல்லை. நேரே கமராவைப் பார்த்தபடி, மார்பளவில், பின்னால் ஒன்றும் இல்லாமல் நிற்கும் அந்தத் தோற்றம்தான் அஞ்சலிப் படத்தை நினைவூட்டுகிறது. கடற்கரையில் எடுத்த இரண்டில் ஒன்று அப்படி. மற்றதில் பிள்ளை அலைக்குப் பயந்து திரும்பி ஓடி வருகிறாள், வாய் முழுக்கச் சிரிப்பு. அந்த இரண்டாவது படத்துக்கு மாமி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கபிலச் சாயல் சேர்த்துக் காட்டியபோது "இது பழைய ஸ்டூடியோப் படம் மாதிரி இருக்கு" என்று தானாகவே கிட்ட வந்து பார்த்தார். வீட்டில் இந்த மனக்குறை இருந்தால் முதலில் படத்தை மாற்றிப் பாருங்கள், முறையை மாற்றுவது பிறகு.

மற்றப்படி, நிறம் கதை சொல்கிற படத்தை விட்டுவிடுவது நல்லது. ஏடு தொடக்கும் நாளில் மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் சுற்றியிருக்க எடுத்த படத்தில் நிறத்தை எடுத்தால் பாதி நாளே போய்விடும். நிறம் குழப்புகிற படம்தான் கறுப்பு வெள்ளைக்கு ஏற்றது: பின்னால் நீலப் பிளாஸ்டிக் கதிரை, பக்கத்தில் யாரோ ஒருவரின் பச்சை ரீசேர்ட், மேலே ஒரு பக்கம் டியூப் லைட், மறுபக்கம் மஞ்சள் பல்பு. பிறந்தநாள் வீட்டுக்குள் எடுத்த படங்களில் பாதி இந்த வகை. நிறத்தை நீக்கியதும் முகம் மட்டும் மிஞ்சும். ஆனால் மங்கிய படத்தையும் ஆடிய படத்தையும் கறுப்பு வெள்ளை காப்பாற்றாது. எங்கும் ஒரே அளவு வெளிச்சமுள்ள தட்டையான படமும் அப்படித்தான், நிறத்தை எடுத்தால் கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

மூன்று எண், ஒரு எண்

பொட்டு எப்படிக் காணாமல் போனது என்பதில்தான் இந்த ஒப்பீடு முழுக்க இருக்கிறது. அதனால் கொஞ்சம் கணக்கு.

நிறப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு புள்ளியும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களின் சேர்க்கை. 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். கறுப்பு வெள்ளையாக்குவது என்பது அந்த மூன்றையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து ஓர் எண்ணாக்குவது. விகிதத்தை யார் தீர்மானிப்பது, ஆப்பா நாமா என்பதுதான் கேள்வி.

ஓடிவரும் படத்தில் மூன்று இடங்களை அளந்தேன். கன்னத்தின் தோல்: சிவப்பு 160, பச்சை 110, நீலம் 85. குங்குமம்: 170, 30, 40. பின்னால் உள்ள கடல்: 70, 140, 160. எல்லாம் கிட்டத்தட்ட.

நிறச்செறிவை முழுதாக இறக்குவது எல்லோரும் முதலில் செய்வது. போட்டோஷொப்பில் ஒரே சொடுக்கில் நிறத்தை நீக்கும் டீசற்றுரேட் கட்டளை, மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும். அந்தக் கணக்கில் தோல் 122, பொட்டு 100, கடல் 115. முகத்துக்கும் கடலுக்கும் இடையில் வித்தியாசம் வெறும் 7. பிள்ளை கடலுக்குள் கரைந்துபோனாள். பொட்டு ஒரு சாம்பல் கறை போலத் தெரிந்தது.

இதைவிடக் கொஞ்சம் யோசித்த கணக்கு, மனிதக் கண் எந்த நிறத்தை எவ்வளவு வெளிச்சமாக உணர்கிறது என்பதைப் பார்ப்பது. தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் பழைய விகிதம் இது: சிவப்பு 29.9 சதவீதம், பச்சை 58.7, நீலம் 11.4. பல மென்பொருள்கள் இதையோ இதன் நெருங்கிய உறவையோதான் பயன்படுத்துகின்றன. இதில் தோல் 122, பொட்டு 73. நல்லது, பொட்டு வந்துவிட்டது. ஆனால் கடல் 121! கண்ணுக்கு அவ்வளவு வேறாகத் தெரிந்த கபிலத் தோலும் நீலப்பச்சைக் கடலும் வெளிச்ச அளவில் இரட்டைப் பிள்ளைகள். நேரில் பார்க்கும்போது நிறம்தான் அவற்றைப் பிரித்துக் காட்டியது. அதை நாமே எடுத்துவிட்டோம்.

இனி நான் முதலில் போட்ட சிவப்பு பில்டர். சிவப்பு எண்ணை மட்டும் எடுத்தால் தோல் 160, கடல் 70. கடல் அப்படிக் கறுத்ததும் முகம் எழும்பி வந்ததும் இதனால்தான். பொட்டு? 170. தோலைவிட ஒரு துளி வெளிச்சம்கூட. சிவப்புக் கண்ணாடி வழியாகச் சிவப்புப் பொட்டைப் பார்த்தால் அது எப்படித் தெரியும்!

பச்சை எண்ணில் கதை தலைகீழ். தோல் 110, பொட்டு 30, கடல் 140. குங்குமம் அச்சடித்தது போல நிற்கும், திருநீற்றுக் கோடு மூன்றும் எண்ணலாம், கண் இமை வரை விபரம் தெரியும். ஆனால் கடல் முகத்தைவிட வெளிச்சமாகிவிடுவதால் பிள்ளை நிழலுக்குள் நிற்பது போல ஒரு உணர்ச்சி. கடல் இல்லாத படத்துக்கு, சுவருக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு, இதுதான் எனக்குப் பிடித்தது. வழமையான கமராவில் ஒளியைப் பதியும் உணரியில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. பச்சை துப்புரவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோல் அழுக்குப் பிடித்தது போலாகும், இரைச்சல் எனப்படும் பொடிப் புள்ளிகள் மணல் தூவியது போலத் தெரியும், மருமகளின் மஞ்சள் சட்டை கரிக்கட்டியாகிவிட்டது. பழங்காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. அந்தக் காலத்துப் பாட்டிமாரின் ஸ்டூடியோப் படங்கள் சிலவற்றில் உதடும் பொட்டும் அப்படிக் கறுத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பிலிம்தான் நினைவுக்கு வரும்.

சரி, பொட்டுக்குப் பச்சை வேண்டும், கடலுக்குச் சிவப்பு வேண்டும். இரண்டையும் கலக்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் எண்களையும் ஒரு சனல் என்பார்கள். போட்டோஷொப்பில் சனல் மிக்ஸர் இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப்பில் மோனோ மிக்ஸர் என்று ஒன்று இருக்கிறது. பல தடவை மாற்றி மாற்றி நான் நின்ற இடம்: சிவப்பு 60, பச்சை 60, நீலம் கழித்தல் 20. மூன்றும் சேர்ந்து 100 வரவேண்டும், அப்போதுதான் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே நிற்கும். இதில் தோல் 145, பொட்டு 112, கடல் 94. முகம் கடலிலிருந்து பிரிந்தது, பொட்டும் திரும்பி வந்தது. இரண்டும் முழுமையாக இல்லை, ஆனால் இரண்டும் இருந்தன.

இன்னொரு வகைக் கலவை நிறவாரியானது. போட்டோஷொப்பில் 2007இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்து கறுப்பு வெள்ளைக்கென்றே ஆறு ஸ்லைடர்கள், ஒவ்வொரு நிறத்தையும் ஏற்றி இறக்கும் நகர்த்திகள், இருக்கின்றன. லைட்ரூம் என்ற மென்பொருளில் எட்டு, அதில் செம்மஞ்சளும் தனியாக உண்டு. எங்கள் தோல், நல்ல வெளிச்சத்தில் எடுத்தால், பெரும்பாலும் அந்தச் செம்மஞ்சள் ஸ்லைடருக்குள் வரும். குங்குமம் சிவப்புக்குள் வரும். கடல் நீலத்துக்கும் அதன் பக்கத்து நீலப்பச்சைக்கும் வரும். ஆக, சிவப்பை இறக்கினால் பொட்டு கறுக்கும், நீலத்தை இறக்கினால் கடல் கறுக்கும், தோலைத் தொடவே தேவையில்லை. ஓடிவரும் படத்துக்கு இதுதான் கடைசியில் வென்ற வழி.

வென்றது என்றாலும் மூன்று சிக்கல்கள் கூடவே வந்தன.

முதலாவது, பொட்டைக் கறுப்பாக்கச் சிவப்பை இறக்கியதும் நுளம்புக் கடிகளும் வேர்க்குருவும் உதடும் சேர்ந்து கறுத்தன. அவையும் சிவப்பு வீட்டார்தான். முகத்தில் ஏழெட்டு நுளம்புக் கடி இல்லாத ஐந்து வயதுப் பிள்ளையைத் திருகோணமலையில் நான் கண்டதில்லை. இதற்கு வழி, படம் நிறத்தில் இருக்கும்போதே கடிகளை அழித்துவிட்டு அப்புறம் மாற்றுவது. ஒரே படத்தில் ஐந்து நிமிட வேலை. கைக்குழந்தையின் படம் என்றால் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றுவதே நல்லது. பிறந்த பிள்ளையின் தோலில் திட்டுத் திட்டாகச் சிவந்திருப்பது அதில் அடங்கிப்போகும், கன்னத்தில் வைக்கும் நாவூற்றுப் பொட்டு மையாக இருப்பதால் அதற்கும் ஆபத்தில்லை. எந்தச் சனலிலும் கறுப்பு கறுப்புத்தான்.

இரண்டாவது, போனில் எடுத்த, சுருக்கிச் சேமித்த ஜேபெக் படத்தில் நீல ஸ்லைடரை ஒரேயடியாக இறக்கினால் கடலில் சதுரத் திட்டுகளும், தலைமுடியைச் சுற்றி வெள்ளை விளிம்பும் வரும். வழமையான ஜேபெக், வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தை அதைவிடக் குறைந்த நுணுக்கத்துடனும் சேமிக்கிறது. நிறத்தை வைத்து வெளிச்சத்தை மாற்றும்போது அந்தக் குறை வெளியே வந்துவிடுகிறது. அதிகபட்சத்தின் பாதிக்கு மேல் நான் எந்த ஸ்லைடரையும் தள்ளுவதில்லை. உணரி பதிந்ததைச் சமைக்காமல் வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்திருந்தால் இன்னும் தாராளமாகத் தள்ளலாம். ஜேபெக்கில் ஒரு சனலுக்கு 256 படிகள், 12 பிட் ரோவில் 4096, 14 பிட்டில் 16384.

மூன்றாவது சிக்கல் மான் படம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையாக எடுத்தால்?

கமராவை மொனோக்ரோமில் வைத்துவிட்டு எடுக்கலாமே என்று அத்தான் கேட்டார். எடுக்கலாம், திரையில் நிறம் இல்லாமல் பார்ப்பது நல்ல பழக்கமும்கூட. நெற்றி எவ்வளவு வெளிச்சம், கண்குழி எவ்வளவு இருட்டு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் ஜேபெக்கில் மட்டும் சேமித்தால் நிறம் அந்த இடத்திலேயே போய்விடும். பொட்டு மறைந்ததைப் பிறகு கண்டுபிடித்தாலும் திருப்பி எடுக்க வழியில்லை, பிறந்தநாளும் திரும்பி வராது. ரோவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும்படி அமைத்தால் இந்தப் பயம் இல்லை: திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரோவுக்குள் எல்லா நிறமும் இருக்கும். ஐபோனில் மோனோ, சில்வர்டோன், நொயர் என்று வரும் பில்டர்களை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். மற்றப் போன்களில் எடுக்கும் முன் ஒரு படத்தில் சோதித்துப் பாருங்கள்.

உண்மையான பிலிமில் எடுப்பதைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஆசை நல்லதுதான். ஒரு சுருளில் 36 படம், ஓடுகிற ஐந்து வயதுப் பிள்ளை, அப்புறம் கழுவ ஆள் தேட வேண்டும். அதை அத்தோடு விடுவோம்.

எடுக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் எந்த ஸ்லைடராலும் அதைத் திருத்த முடியாது. திருகோணமலை பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெளிச்சத்தில் கண்கள் இரண்டும் இரண்டு குழி. நிறப் படத்தில் அது ஓரளவு பொறுக்கும், கறுப்பு வெள்ளையில் மண்டையோடு போலத் தெரியும். டச்பே கிழக்கைப் பார்த்த கரை. ஐந்து மணிக்குப் பிறகு வெயில் நகரத்துக்குப் பின்னால் போய்விட, கடல் பக்கம் அகன்ற வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணி போல வெளிச்சம் தரும். பிள்ளையைக் கடலைப் பார்க்க நிறுத்தினால் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். கரிய விழிகளுக்கு அந்தப் புள்ளி இல்லாவிட்டால் உயிர் இல்லை. மாரியில் வாடைக்காற்றோடு முகில் மூடும் நாட்களில் பகல் முழுக்க அப்படி மெதுவான வெளிச்சம்தான்.

போன் போதுமா, லப்டொப் வேண்டுமா?

போன் போதும் என்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு என் பதில், ஒரு நிபந்தனையோடு. தட்டினால் மாறும் ஆயத்த பில்டர்களை விட்டுவிட்டு, நிறத்தைத் தேர்ந்தெடுக்க விடும் ஆப்பை எடுங்கள். ஸ்னாப்சீட்டின் கறுப்பு வெள்ளைக் கருவிக்குள் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என்று பில்டர் வட்டங்கள் இருக்கும். ஆப் இலவசம். நான் போட்டுக் கெடுத்த சிவப்பும் அங்கேதான் இருந்தது. பொட்டு வைத்த பிள்ளைக்குப் பச்சையையும் மஞ்சளையும் போட்டுப் பாருங்கள், முகம் கொஞ்சம் கறுத்தால் பிறகு வெளிச்சத்தை ஏற்றலாம். பொட்டில்லாத, பருவோ கடியோ நிறைந்த முகத்துக்குச் செம்மஞ்சள். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். வீட்டு அல்பத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் இது தாராளம்.

சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால், பின்னால் கடலோ மரமோ வானமோ இருந்தால், நிறவாரி ஸ்லைடர் உள்ள மென்பொருளில் செய்யுங்கள். லைட்ரூம் போனிலும் இருக்கிறது, லப்டொப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய திரையில் பார்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் கண்ணைச் சுற்றியுள்ள இருட்டும் முடிக்குள் இருக்கும் விபரமும் போன் திரையில் தெரிவதில்லை.

வெளுப்பு

இனிச் சொல்வது என் கருத்து, ஏற்காமலும் விடலாம்.

சிவப்பையோ செம்மஞ்சளையோ ஏற்றினால் எங்கள் பிள்ளைகளின் முகம் வெளுக்கும். அதை அழகு என்று நினைத்துத்தான் பலர் செய்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் நண்பனின் மகனுடைய படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். "கறுப்பு வெள்ளையாக்கித் தாருங்கள்" என்று மட்டும்தான் சொன்னோம். வந்த படத்தில் பிள்ளை பால்மா விளம்பரத்துப் பிள்ளை. மூக்கின் மேடு இல்லை, கன்னக்குழி இல்லை, கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பிள்ளையே அதைப் பார்த்து "இது ஆர்?" என்று கேட்டான்.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர்களான அன்செல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த வலய முறையில், கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள படிகளில் வெள்ளைக்காரத் தோலுக்கு ஆறாம் படி, கரிய தோலுக்கு நடுவிலுள்ள ஐந்தாம் படி. ஐந்தாம் படி என்பது 18 சதவீதச் சாம்பல், கணினியின் எண்ணில் ஏறக்குறைய 118. ஆறு என்றால் 162க்குக் கிட்ட. மருமகளின் கன்னம் நிறத்தில் இருந்தபோது வெளிச்ச அளவு 122, அதாவது ஐந்தாம் படியில் சரியாக உட்கார்ந்திருந்தாள். என் முதல் சிவப்பு பில்டர் அவளை 160க்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் யோசிக்கவே இல்லை, "பளிச்சென்று இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசிப் படத்தில் கன்னத்தை 130 அளவில் வைத்தேன். முகத்தை எழுப்பிக் காட்ட அதை வெளுக்கத் தேவையில்லை, சுற்றியிருப்பதை இறக்கினால் போதும். தேங்காயெண்ணெய் பூசிய முடியின் பளபளப்பு, மூக்குநுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி, திருநீறு: இவைதான் அந்த முகத்தின் வெள்ளைகள். நடுவில் உள்ள தோலில் ஏற்ற இறக்கம் இருந்தால்தான் அவை ஒளிரும்.

ஸ்டூடியோவில் கொடுப்பதும் அச்சும்

ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள்: முகத்தை வெளுக்க வேண்டாம், பொட்டுத் தெரிய வேண்டும், தோலைத் தேய்க்க வேண்டாம். முடிந்தால் நீங்களே மாற்றிய ஒரு சிறு பிரதியை மாதிரியாகக் காட்டுங்கள். நிறப் படத்தின் மூலத்தையே கொடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டொகியுமென்டாக அனுப்ப வேண்டும். 8க்கு 12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 2400க்கு 3600 பிக்சல் தேவை.

அச்சில் ஒரு பொறி இருக்கிறது. வழமையான ஸ்டூடியோ இயந்திரம் கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத் தாளில்தான் அடிக்கும். மூன்று சாயங்கள் சேர்ந்துதான் அங்கே சாம்பல் உருவாகிறது, அதில் ஒன்று இம்மி கூடினாலும் பிள்ளைக்குப் பச்சைக் கன்னமோ ஊதாக் கன்னமோ வந்துவிடும். எனக்கு முதல் பிரின்ட் பச்சையாகத்தான் வந்தது. மாமிக்காகச் சேர்த்த அந்தக் கபிலச் சாயல் இங்கே இன்னொரு விதத்தில் உதவியது: படமே கொஞ்சம் கபிலமாக இருந்தால் இயந்திரத்தின் சிறு பிழை கண்ணுக்குத் தெரியாது. அஞ்சலட்டை அளவில் ஒன்று அடித்துப் பார்த்து, வெளியே பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு பெரிதைச் சொல்லுங்கள். கடை டியூப் லைட்டில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

பிரேம் போடும்போது கண்ணாடியும் படமும் ஒட்டக்கூடாது, நடுவில் ஒரு மட்டை விளிம்பு வேண்டும். கடற்கரைக் காற்றில் இரண்டு மாரி போனால் ஒட்டிய படத்தைப் பிய்த்துத்தான் எடுக்கவேண்டி வரும், பூஞ்சணமும் பிடித்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் போன படங்களில் ஒன்று அம்மாவின் கலியாணப் படம்.

மான் படம்

கோட்டைக்குள் எடுத்த அந்தப் படத்தை நான் மூன்று இரவு உருட்டினேன். அது ஓகஸ்ட். கச்சான் காற்றில் கோட்டைக்குள் புல் எல்லாம் காய்ந்து கபிலமாகிக் கிடந்தது. புல் பச்சையாக இருந்திருந்தால் பச்சை ஸ்லைடரை இறக்கி மானையும் பிள்ளையையும் முன்னுக்குக் கொண்டுவந்திருப்பேன். காய்ந்த புல், புள்ளி மானின் தோல், மருமகளின் கை மூன்றும் ஒரே செம்மஞ்சளுக்குள் வந்து நின்றன. ஒன்றை ஏற்றினால் மூன்றும் ஏறின, இறக்கினால் மூன்றும் இறங்கின. சனல் மிக்ஸரிலும் அதே கதை. மானின் வெள்ளைப் புள்ளிகளும் பிள்ளையின் பல்லும் மட்டும் காற்றில் மிதந்தன. கையாலேயே மானைச் சுற்றி வரைந்து பிரிக்கலாம், செய்தும் பார்த்தேன். வெட்டி ஒட்டியது போல இருந்தது.

அதை நிறத்திலேயே அடித்துக் கொடுத்தேன். இப்போது ஹோல் சுவரில் இடப்பக்கம் அலைக்கு ஓடிவரும் கறுப்பு வெள்ளை, வலப்பக்கம் மஞ்சள் சட்டையும் மானும். நேரே பார்த்து நிற்கும் அந்த மூன்றாவதை மாமி வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்துக்கொண்டார்.